தெருவை விலைக்கு வாங்கிய கடை

(தொழிற்சங்க வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய வகுப்பில் ஒரு கடையைப் பற்றிப் பேசப் போகிறோம். தெருமுனைப் பெட்டிக்கடை அல்ல. எழுபத்திரண்டு கடைகளை ஒரே கூரைக்குள் அடைத்துக் கொண்டு திறக்கப்பட்ட கடை. ஐக்கிய அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில், மினியாபோலிஸ் நகரத்தை ஒட்டி ஈடைனா என்று ஓர் ஊர். அங்கே 1956-ல் எழுந்த அந்தக் கடை வளாகத்தின் பெயர் சவுத்டேல்.

"பஞ்சாலையில் நூல் நூற்கிறவனுக்கும், நடவுக்குப் போகிறவளுக்கும் அமெரிக்கக் கடை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சென்னை வேளச்சேரியில் 2013-ல் திறக்கப்பட்ட பெரிய மாலின் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். 'ஃபீனிக்ஸ்' என்று போட்டிருக்கும். அது ஒரு பஞ்சாலையின் பெயர்! 1905-ல் பம்பாயில் ஆரம்பமான ஃபீனிக்ஸ் மில்ஸ் கம்பெனிதான் இன்று பல நகரங்களில் மால் நடத்துகிறது. லோயர் பரேலில் அதன் பஞ்சாலை ஓடிய இடத்திலேயே இன்று கடை வளாகம் நிற்கிறது. ஆலை மாலாகிற காலத்தில் நாம் வாழ்கிறோம். ஆகவே மால் என்பது எப்படி உண்டாகிறது, யார் பணத்தில் வளர்கிறது, அதன் வாசலில் நின்று ஒரு தொழிலாளி நோட்டீஸ் கொடுக்க முடியுமா என்பதையெல்லாம் நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அந்த வம்சத்தின் மூத்த பிள்ளையிடம் போவதுதான் சரி. முழுக்க மூடி, உள்ளே குளிரும் வெப்பமும் ஒரே சீராக வைத்து அமெரிக்கப் புறநகரில் கட்டிய பெரிய கடை வளாகங்களில் சவுத்டேல்தான் முதலாவது.

சோளக்கொல்லை விலை ஏறியது

மினியாபோலிஸ் நகரத்தின் நடுவே டேட்டன் குடும்பத்தார் ஒரு பெரிய கடை வைத்திருந்தார்கள். ஜவுளி, பாத்திரம், மேஜை நாற்காலி, பொம்மை எல்லாம் ஒரே கட்டிடத்தில் மாடி மாடியாகக் கிடைக்கும். அமெரிக்கர்கள் இதை டிபார்ட்மெண்ட் ஸ்டோர் என்பார்கள். இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும், வசதியுள்ள வெள்ளையர் குடும்பங்கள் நகரத்தை விட்டுப் புறநகருக்குக் குடிபோகத் தொடங்கின. வாடிக்கைக்காரர் போன இடத்துக்கே கடையும் போகட்டும் என்று டேட்டன் கம்பெனி முடிவு செய்தது. 1952-ல் திட்டத்தை அறிவித்தது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கடை கட்ட வேண்டிய நிலத்தை மட்டும் அவர்கள் வளைக்கவில்லை. திட்டம் போட்டது சுமார் 460 ஏக்கருக்கு! கடைக்கு வேண்டியது அதில் ஒரு பங்குதான். மற்றது எதற்கு? கடை வந்தால் சுற்றியுள்ள நிலம் விலை ஏறும். அந்த ஏற்றம் பக்கத்துக் குடியானவன் மடியில் விழாமல் நம் பெட்டியில் விழட்டும் என்பதுதான் கணக்கு. புது பஸ் ஸ்டாண்டு எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தவர் சுற்றுப்பட்டுப் புன்செய்யை மளமளவென்று கிரயம் செய்துகொள்வதை நாம் பார்த்ததில்லையா? அதே வித்தைதான்.

திட்டம் போட்டுக் கொடுத்தவர் விக்டர் குரூயென் என்ற கட்டிடக் கலைஞர். இவருடைய கதையைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். 1903-ல் வியன்னாவில் பிறந்த யூதர். இளம் வயதில் சோஷலிஸ்ட். அரசியல் கேலி நாடகங்களில் மேடையேறியவர். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் தப்பி அமெரிக்கா போனார். கார்களுக்காகவே கட்டப்பட்ட அமெரிக்கப் புறநகர் அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டிலிருந்து கடைக்கு மைல் கணக்கில் கார். கடையிலிருந்து பள்ளிக்கு மறுபடி கார். மனிதன் மனிதனைச் சந்திக்க ஒரு முச்சந்தி கிடையாது. வியன்னாவின் சதுக்கம் போல ஜனங்கள் கூடிப் பேச ஓர் இடம் புறநகருக்கு வேண்டும் என்று அவர் எண்ணினார். கடை நடுவே இருக்கட்டும். சுற்றிலும் வீடுகள், பள்ளி, ஆஸ்பத்திரி, பூங்கா, ஏரி என்று ஒரு சிறு நகரமே எழட்டும் என்று வரைந்து கொடுத்தார். எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் சதுக்கத்தைக் கட்டித் தரும்படி அவர் ஒப்படைத்தது யாரிடம்? ஒரு வியாபாரக் கம்பெனியிடம்!

1956 அக்டோபர் 8-ந் தேதி சவுத்டேல் திறக்கப்பட்டது. செலவு 2 கோடி டாலர். 5,200 கார்கள் நிற்கத் திடல். வெளிப்பக்கம் பார்த்தால் பெரிய கொடவுன் போல மொட்டைச் சுவர். உள்ளே போனால் இரண்டு தளம். நடுவே உயர்ந்த கூரைக்குக் கீழே தோட்ட முற்றம். செடிகள், பறவைக் கூண்டு, சிற்பங்கள். மினசோட்டாவில் மாரிக்காலம் என்றால் ஏரி உறைந்து அதன்மேல் கார் ஓட்டலாம். கோடையோ வேர்த்துக் கொட்டும். ஆற அமரக் கடைவீதியில் நடக்கத் தோதான நாள் வருஷத்தில் 126 மட்டுமே என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மற்ற நாட்களையும் விற்பனை நாளாக்கத்தான் கூரையும், வெப்பமூட்டும் சாதனமும், குளிர்சாதனமும்! உள்ளே எந்நாளும் 24 டிகிரி வெப்பம்.

சாமர்த்தியங்கள் இன்னும் உண்டு. நிலத்தைச் சாய்வாக வெட்டி, ஒரு பக்கத் திடலில் கார் விட்டால் கீழ்த்தளத்துக்கும், மறுபக்கம் விட்டால் மேல்தளத்துக்கும் நேரே நுழையும்படி செய்தார்கள். இரண்டு தளமும் தரைத்தளம்தான். மாடிக் கடை என்று எதுவும் வாடகை குறைந்து போகாது. அதைவிடப் பெரிய சாமர்த்தியம், டேட்டனுக்குப் போட்டியான டொனால்ட்சன் கடையையும் அதே கூரைக்குள் அழைத்து வந்தது. பத்திரிகை விளம்பரத்தில் கத்தியை உருவிக்கொண்டு நிற்கும் இரண்டு முதலாளிகள் ஒரே முற்றத்தின் இரு கோடியில் உட்கார்ந்தார்கள். ஒன்றுக்கு வந்த கூட்டம் மற்றொன்றைப் பார்க்க நடக்கும்; நடுவழியில் இருக்கும் எழுபது சில்லறைக் கடைக்கும் வியாபாரம் நடக்கும்.

இந்த ஏற்பாட்டை நம் சந்தையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தையில் கீரைக்காரியும் சுங்கம் கொடுக்கிறாள், மாட்டுக்காரனும் கொடுக்கிறான். மால் வியாபாரத்திலோ, கூட்டத்தை இழுக்கிற பெரிய கடைக்குச் சதுர அடி வாடகை மிகக் குறைவு. சில சமயம் இடமே இனாம். சுமை முழுவதும் சின்னக் கடைக்காரர் தலையில். அவர் மாத வாடகையும் தர வேண்டும். விற்பனை ஒரு தொகையைத் தாண்டினால் அதில் பங்கும் தர வேண்டும். எத்தனை மணிக்குத் திறப்பது, எத்தனை மணிக்கு மூடுவது என்பதெல்லாம் வாடகைப் பத்திரத்தில் எழுதியிருக்கும். இந்த ஷரத்து கடைக்காரரோடு நிற்பதில்லை. இரவு ஒன்பது மணி வரை விளக்கு எரிய வேண்டும் என்று நில முதலாளி எழுதினால், அந்த ஒன்பது மணி வரை நிற்பது செருப்புக் கடைப் பெண்ணின் கால்கள் அல்லவா?

சாலை யாருடையது? வரி யாருடையது?

"தனியார் துணிச்சல், தனியார் மூலதனம்" என்று இதைப் போற்றி எழுதுவோர் ஏராளம். கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

கார் இல்லாமல் இந்தக் கடை இல்லை. சாலை இல்லாமல் கார் இல்லை. 1956 ஜூன் 29-ந் தேதி ஜனாதிபதி ஐசன்ஹோவர் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 41,000 மைல் நெடுஞ்சாலை. 2,500 கோடி டாலர். செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மத்திய சர்க்காருடையது. சவுத்டேல் திறக்கப்பட்டது அதற்குச் சுமார் நூறு நாள் கழித்து. பிற்பாடு சவுத்டேலுக்கு வடக்கே 62-ம் எண் சாலையும், தெற்கே 494-ம் எண் நெடுஞ்சாலையும் வந்தன. இரண்டும் பொதுப் பணம். அந்தச் சாலைகளால் ஏறிய நில மதிப்பு?

இன்னொரு சலுகை சாலை போலக் கண்ணுக்குத் தெரியாது. அது 1954-ம் வருஷத்து வரிச் சட்டத்தில் இருக்கிறது. கட்டிடம் தேயும், அந்தத் தேய்மானத்தை லாபத்திலிருந்து கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு வரி கட்டலாம் என்பது பழைய வழக்கம். பேச்சுக்கு, 10 லட்சம் டாலரில் ஒரு கட்டிடம், ஆயுள் 40 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். முன்பெல்லாம் வருஷத்துக்கு 25,000 டாலர் கழிக்கலாம். 1954-ல் சட்டத்தை மாற்றினார்கள்: புதுக் கட்டிடத்துக்கு முதல் வருஷமே அதில் இரண்டு மடங்கு, 50,000 டாலர் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். கட்டிடம் நாற்பது வருஷத்தில்தான் தேயும். ஆனால் காகிதத்தில் ஆரம்ப வருஷங்களிலேயே வேகவேகமாகத் தேய்ந்துவிடும்! வாடகை வந்துகொண்டே இருக்கும், காகிதத்தில் நஷ்டம், வரி இல்லை. சலுகை ஓய்ந்ததும் கட்டிடத்தை விற்றுவிட்டு வேறு புதுக் கட்டிடம் கட்டலாம்.

இதன் விளைவைக் கவனியுங்கள். பெரிய சலுகை புதிதாகக் கட்டுவதற்கு. இருப்பதைச் செப்பனிடுவதற்கு அவ்வளவு இல்லை. நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. ஆகவே நிலம் மலிவாகவும், கட்டிடம் பெரிதாகவும் இருக்கிற இடமே லாபம். அது எங்கே கிடைக்கும்? நகரத்தின் நடுவிலா? இல்லை, சோளக்கொல்லையில்! ஜனத்தொகை கேட்கிறதோ இல்லையோ, அமெரிக்கா முழுவதும் மால்கள் மழைக்காளான் போல முளைத்ததற்கு இந்தத் தேய்மானக் கணக்கு ஒரு முக்கியக் காரணம் என்று அந்நாட்டுச் சரித்திர ஆசிரியர்களே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்கள். வரியில் விட்டுக்கொடுத்ததை வேறு யாரோ கட்டியிருக்க வேண்டுமே! சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடித்துக்கொள்ளப்பட்ட ஆலைத் தொழிலாளியும் அதில் ஒருவன்.

புறநகரில் யார் குடியிருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஈடைனாவில் 1924-ல் கண்ட்ரி கிளப் என்று ஒரு குடியிருப்பு மனை போட்டு விற்றார்கள். வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, அவர்கள் குடியிருக்கவும் கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதினார்கள். ஒரே ஒரு விலக்கு: வீட்டு வேலைக்காரராக இருந்தால் தங்கலாம்! ஊருக்குள் குடியிருக்கக் கூடாது, வேலைக்கு மட்டும் வரலாம் என்ற சட்டத்தை விளக்க நம் சேரித் தோழர்களுக்கு நாம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய ஷரத்துகளைக் கோர்ட்டு அமல்படுத்தாது என்று 1948-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. வீடு விற்பதில் நிறபேதம் குற்றம் என்று சட்டமே வந்தது 1968-ல்தான். சவுத்டேல் திறந்து பன்னிரண்டு வருஷம் கழித்து!

தகப்பன் கைகழுவினார்

குரூயென் வரைந்த சிறு நகரம் என்ன ஆயிற்று? கடையும் கார்த் திடலும் எழுந்தன. பிற்பாடு ஆஸ்பத்திரி ஒன்று வந்தது, அலுவலகங்கள் வந்தன, சில அடுக்கு வீடுகளும் வந்தன. ஆனால் அவர் கனவு கண்ட, நடந்து போய்ச் சேரும் ஊர் வரவில்லை. கடையைச் சுற்றிக் கடைகளும், திடலைச் சுற்றித் திடல்களும் வந்தன. நில விலை ஏற ஏற, எது அதிக வாடகை தருமோ அதுதானே அங்கே எழும்!

வந்த ஜனங்களைத் திசை மறக்கச் செய்து, வாங்க வந்ததை விட்டு வேறு எதையோ வாங்க வைக்கும் மயக்கத்துக்குக் குரூயென் பெயரையே வைத்தார்கள். 1968-ல் அவர் வியன்னாவுக்குத் திரும்பிப் போனார். அங்கேயும் விடவில்லை! நகரத்துக்குத் தெற்கே 1976-ல் ஒரு பெரிய மால் திறக்கப்பட்டது. 1978-ல் லண்டனில் பேசுகையில், தம் பெயரைச் சொல்லி உலகமெங்கும் எழுந்த இந்தக் குழந்தைகளுக்குத் தாம் தகப்பன் அல்ல என்று வெறுத்துச் சொன்னார். 1980-ல் காலமானார். மனம் நொந்த மனிதர். அவரைக் கேலி செய்ய நமக்குத் தோன்றவில்லை. ஆனால் சதுக்கத்தைப் பட்டாப் போட்டு ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அது சதுக்கமாக இல்லையே என்று வருந்தி என்ன பயன்?

சவுத்டேலின் லாபத்தைக் கண்ட டேட்டன் கம்பெனி நகரத்தின் மற்றத் திசைகளையும் பிடித்தது. 1962-ல் புரூக்டேல், 1969-ல் ரோஸ்டேல், 1974-ல் ரிட்ஜ்டேல். நாலு பக்கமும் வாடிக்கை இழுக்கப்பட்டதும் நகர நடுவின் பழைய கடைவீதி வாடியது. அதைக் காப்பாற்ற மினியாபோலிஸ் நகரசபை நிக்கலட் வீதியில் கார்களை நிறுத்தி, 1967-ல் நடைவீதியாக்கிப் பார்த்தது. மாலைப் பார்த்துத் தெரு தன்னை மாற்றிக்கொண்டது! 1962-ல் இதே டேட்டன் கம்பெனி, மலிவு விலைக்காரருக்கென்று தனியாக ஒரு கடை தொடங்கியது. அதன் பெயர் டார்கெட். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சோளக்கொல்லையில் எழுந்ததற்கு அதற்கப்பாலுள்ள கொல்லையில் போட்டி வராமல் இருக்குமா? 1992-ல் சில மைல் தொலைவில், புளூமிங்டன் என்ற ஊரில், பழைய விளையாட்டு மைதானம் இருந்த இடத்தில் 'மால் ஆஃப் அமெரிக்கா' என்ற பூதம் எழுந்தது. உள்ளே ரங்கராட்டினம் முதற்கொண்டு இருக்கிறது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் சாமான் வாங்கும் காலம் வந்தது. புரூக்டேல் 2010-ல் மூடப்பட்டது. பெரும்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டு அங்கே வால்மார்ட் கட்டினார்கள். டேட்டன் என்ற பெயரே 2001-ல் கடைவாசலிலிருந்து இறங்கிவிட்டது.

சவுத்டேல் சாகவில்லை, சட்டையை மாற்றிக்கொண்டது. 1990-களின் தொடக்கத்தில் டேட்டன் கடைக்குப் புதுக் கட்டிடம் எழுந்தது. 2007-ல் வளாகம் சைமன் என்ற மால் கம்பெனியின் கைக்குப் போயிற்று. 2014-ல் கார்த் திடலின் ஒரு மூலையில் வாடகைக் குடியிருப்பு கட்டினார்கள். ஜே.சி. பென்னி என்ற பெரிய கடை 2017-ல் மூடியது. அதை இடித்த இடத்தில் 2019-ல் உடற்பயிற்சிக் கூடம் வந்தது. சந்தா கட்டுகிறவருக்கு மட்டும். வீடும் வேண்டும், உலாவ இடமும் வேண்டும் என்று குரூயென் 1950-களில் சொன்னதைத்தான் அறுபது வருஷம் கழித்துக் கம்பெனி கட்டுகிறது. இதற்கு 'புனரமைப்பு' என்று பெயர். ஒரே வித்தியாசம், இப்போது ஒவ்வொன்றுக்கும் நுழைவுச் சீட்டு இருக்கிறது.

நோட்டீஸ் எங்கே கொடுப்பது?

இனி நம் விஷயத்துக்கு வருவோம், தோழர்களே. ஆலை வாயிலில் நாம் கூட்டம் போடுகிறோம். எப்படிப் போடுகிறோம்? வாயிலுக்கு வெளியே இருப்பது சர்க்கார் ரோடு. உள்ளே முதலாளியின் அதிகாரம். வெளியே ஜனங்களின் பாதை. கடைத் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்தால் கடைவீதியில் தட்டி பிடித்து நிற்பான். வருகிற வாடிக்கைக்காரரிடம் நோட்டீஸ் கொடுப்பான். சரி, அந்தக் கடைவீதியே கூரைக்குள் போய், அதற்கும் பட்டா வந்துவிட்டால்?

இந்தக் கேள்வி அமெரிக்கக் கோர்ட்டுகளில் முப்பது வருஷத்துக்கு மேல் இழுபட்டது. 1946-ல் நல்ல தொடக்கம்தான். அலபாமா மாநிலத்தில் கப்பல் கட்டும் கம்பெனி ஒன்று ஒரு ஊரையே சொந்தமாக வைத்திருந்தது. அந்த ஊர்க் கடைவீதி நடைபாதையில் மதப் பிரசுரம் கொடுத்த ஒரு பெண்ணைக் கைது செய்தார்கள். தெரு கம்பெனியுடையதானாலும் ஜனங்கள் நடக்கிற தெரு தெருதான் என்றது சுப்ரீம் கோர்ட். 1968-ல் அந்த நியாயம் மாலுக்கும் வந்தது. பென்சில்வேனியாவில் அல்டூனா நகரருகே ஒரு கடை வளாகம். சங்கமில்லாத ஒரு மளிகைக் கடை. அதன் வாசலில் உணவுத் தொழிலாளர் சங்கத்தார் மறியல் செய்தார்கள். முதலாளி தடையுத்தரவு வாங்கினார். கடை வளாகம் இன்றைய கடைவீதி, ஆகவே மறியலைத் தடுக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

நாலே வருஷம்! 1972-ல் வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து ஆரிகன் மாநில மால் ஒன்றில் நோட்டீஸ் கொடுத்தவர்கள் வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கோர்ட் திரும்பிக்கொண்டது. உங்கள் நோட்டீசுக்கும் மாலுக்கும் சம்பந்தமில்லை, வெளித் தெருவில் போய்க் கொடுங்கள் என்றது. சம்பந்தமிருந்தால் பரவாயில்லையா? அதையும் 1976-ல் பார்த்துவிட்டார்கள். அட்லாண்டாவில் பட்லர் செருப்புக் கம்பெனியின் கொடவுன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கொடவுன் வாசலில் யார் வருவார்கள்? ஆகவே நாலு பேர் தட்டியோடு ஒரு மாலுக்குள் இருந்த அதே கம்பெனியின் செருப்புக் கடை முன் போய் நின்றார்கள். வெளியேறாவிட்டால் அத்துமீறி நுழைந்த குற்றத்துக்குக் கைது என்று மால் நிர்வாகி மிரட்டினார். அரசியல் சட்டம் தரும் பேச்சுரிமை மாலுக்குள் செல்லாது. 1968 தீர்ப்பு இனி இல்லை. வேண்டுமானால் தொழிலுறவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடுங்கள் என்றது சுப்ரீம் கோர்ட்.

அந்தத் தொழிலுறவுச் சட்டம் எத்தனை தூரம் தாங்கிற்று? கனெக்டிகட் மாநிலத்தில் நியூயிங்டன் என்ற ஊரில் லெக்மியர் என்ற கடை. சுமார் 200 பேர் வேலை. சங்கம் வைக்கலாம் என்று சொல்லி, வெளியிலிருந்து வந்த சங்க ஊழியர்கள் திடலில் நின்ற கார்களின் கண்ணாடியில் நோட்டீஸ் செருகினார்கள். நிர்வாகம் துரத்தியது. திடலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே 46 அடி அகலத்தில் ஒரு புல்தரை. அது பொது இடம். ஊழியர்கள் அங்கே நின்றுகொண்டு, காலையில் வேகமாக உள்ளே திரும்பும் கார்களுக்கு நோட்டீஸ் நீட்டினார்கள். காரின் நம்பரைக் குறித்து, பதிவு அலுவலகத்தில் விலாசம் தேடி, வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். இப்படிப் பாடுபட்டும் விலாசம் கிடைத்தது ஐந்தில் ஒரு பங்குத் தொழிலாளருக்குத்தான். 1992-ல் சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? புல்தரை இருக்கிறதே, கடிதம் போடலாமே, வேறு வழியே இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும். ஆகவே திடலுக்குள் விட வேண்டியதில்லை என்றது!

அந்தப் புல்தரையை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் கார் நிற்கும் திடல்; அதன் விளிம்பில் 46 அடி. அவ்வளவுதான் மிச்சம் விட்ட தெரு.

மாநிலங்கள் விரும்பினால் தங்கள் சொந்த அரசியல் சட்டப்படி கூடுதல் உரிமை தரலாம் என்று 1980-ல் ஒரு கதவு மட்டும் திறந்தது. கலிபோர்னியா மால் ஒன்றில் பள்ளி மாணவர்கள் ஐ.நா. தீர்மானம் ஒன்றை எதிர்த்துக் கையெழுத்து வாங்கிய வழக்கில் வந்த தீர்ப்பு அது. 1994-ல் நியூஜெர்சி கோர்ட்டும் நோட்டீஸ் கொடுக்க அனுமதித்தது. சவுத்டேல் இருக்கும் மினசோட்டா? 1999-ல் அந்த மாநிலத்தின் உயர்ந்த கோர்ட் மறுத்துவிட்டது. மால் ஆஃப் அமெரிக்காவில் தோலாடை விற்பதை எதிர்த்து நோட்டீஸ் கொடுத்தவர்கள் வழக்கு அது. அந்த மாலைக் கட்டப் பொதுப் பணம் ஏராளமாகப் போனது உண்மைதான். ஆனாலும் அது தனியார் இடம்தான் என்று தீர்ப்பு. சாலை போட, திடல் கட்ட வந்தபோது பொதுப் பணம். வாய் திறக்கப் போனால் தனிச் சொத்து!

அப்படியானால் அங்குள்ள தொழிலாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார்களா? நினைவில் வைக்கச் சொன்ன டார்கெட் கடைக்கு இப்போது வருவோம். மினியாபோலிஸ் சுற்றுவட்டாரக் கடைகளில் இரவில் தரை கழுவி மெழுகு போடுகிறவர்களில் பலர் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கடையின் ஆட்கள் அல்ல, காண்ட்ராக்டரின் ஆட்கள். கூலியைப் பற்றிக் கடையைக் கேட்டால் காண்ட்ராக்டரைக் கேள் என்பார்; காண்ட்ராக்டரைக் கேட்டால் கடை தருவது இவ்வளவுதான் என்பார். கரும்பு வெட்டப் போன தோழர்களுக்கு இந்தப் பாட்டு பழக்கமானது. சி.டி.யு.எல். என்ற தொழிலாளர் மையத்தில் இவர்கள் சேர்ந்தார்கள். இரவில் மூடிய கதவுக்குப் பின்னால் வேலை செய்கிற இவர்களை வாடிக்கைக்காரர் யாரும் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. பகலில் போய் நின்றார்கள், வருஷக்கணக்கில் நின்றார்கள். 2013-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைகளுக்கு வருஷத்தின் மிகப் பெரிய வியாபார நாளான நவம்பர் வெள்ளிக்கிழமையையே அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

2014 ஜூனில் டார்கெட் கம்பெனி தன் காண்ட்ராக்டர்களுக்கு நிபந்தனைகள் விதித்தது. துப்புரவுத் தொழிலாளர் சங்கம் சேரும் உரிமையை மதிக்க வேண்டும். பாதுகாப்புக் கமிட்டி அமைக்க வேண்டும். அதில் பாதிப் பேரையாவது தொழிலாளர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். வாரத்தில் ஏழு நாளும் வேலை செய்யும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.